அக்காவின் ஐஸ் கை

1

போன செவ்வாய்க்கிழமை லோட்டே என் வலது முழங்கையில் ஊசியை இறக்கியபோது நன்றாக வலித்தது. "வலிக்கிறது. நல்லது" என்று சொன்னேன். அவள் கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நெதர்லாந்தில் வலிக்கிறது என்றால் உடனே ஊசியை எடுத்துவிடுவார்கள். வலிப்பதை நல்லது என்று சொல்லும் நோயாளியை அவள் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

லோட்டே பிசியோதெரபிஸ்ட். ராட்டர்டாம் துறைமுகத்துக்கு மேற்கே நான் வசிக்கும் சிற்றூரில், ரொட்டிக்கடைக்கு மாடியில் அவளுடைய சிகிச்சை அறை இருக்கிறது. நான் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் அழுத்தமானிகளையும் வால்வுகளையும் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். சென்னையில், மணலி எண்ணெய் ஆலையில் பழகிய தொழில், இங்கே சோறு போடுகிறது. இறுகிப்போன வால்வுகளைத் திருகித் திருகி எனக்கு டென்னிஸ் எல்போ வந்தது. முன்கைத் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில் நார்கள் நைந்துபோவதுதான் இந்த நோய். காபிக் கோப்பையைத் தூக்கினாலும் கதவுக் குமிழைத் திருப்பினாலும் அந்த இடத்தில் சுரீரென்று இழுக்கும். டென்னிஸ் மட்டையை நான் கையால் தொட்டதில்லை.

அவள் போடும் ஊசியில் மருந்து இல்லை. தலைமுடியைவிடச் சற்றே தடிமனான வெறும் கம்பி. தசையில் முடிச்சு விழுந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து இறக்குவாள். சரியான இடம் என்றால் தசை ஒருமுறை தானாகத் துள்ளும். பிறகு தளரும். இதே தெருவின் மறுகோடியில் அக்குபங்சர் செய்யும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் போயிருக்கிறேன். அவர் முழங்கையில் சில ஊசிகளும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒன்றும், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் குத்தி, விளக்கைத் தணித்துவிட்டு வெளியே போய்விடுவார். தசை துள்ளாது. கை முழுவதும் ஒரு கனம் பரவும். ஊசி ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு இவை இரண்டும் வேறு வேறு இனங்கள். லோட்டேயின் ஊசி உடற்பயிற்சிச் சிகிச்சையில் சேரும், அந்த அம்மையாரின் ஊசி மாற்று மருத்துவத்தில் சேரும். ஒருமுறை இனம் மாற்றி விண்ணப்பித்துவிட்டேன். மிகவும் மரியாதையான மொழியில் திருப்பி அனுப்பினார்கள்.

லோட்டே நேர்மையானவள். "ஊசி சில பேருக்குக் கொஞ்ச காலம் வலியைத் தணிக்கும். சில பேருக்கு அதுவும் இல்லை. கைப்பயிற்சியை விடாமல் செய். ஊசி உன்னைப் பயிற்சி செய்ய விட்டாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எந்த மாதிரி வலி என்றும் கேட்டாள். குத்துதா, கடுக்குதா, இழுக்குதா, விண்விண்ணென்று தெறிக்குதா, மரத்துப்போகுதா என்று எனக்குள் ஒரு வரிசை ஓடியது. டச்சு மொழியில் எனக்குத் தெரிந்தது வலி என்ற ஒரே சொல். கடுக்கிறது என்பதை மொழிபெயர்க்கப் போய் என் கை கோபமாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அவள் சிரிக்காமல் அதை அப்படியே கணினியில் தட்டிக்கொண்டாள்.

வலிப்பது நல்லது என்று ஏன் சொன்னேன் என்பதை அவளிடம் விளக்கும் அளவுக்கு எனக்கு டச்சு வராது. ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்குகிறேன். உங்களில் சிலர் காசிமேட்டில் என் அக்கா ஸ்டெல்லாவிடம் மீன் வெட்டி வாங்கியிருக்கலாம். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எய்து. பேரப் போட்டே எய்து" என்றாள்.

2

ஜனவரியில் அம்மாவின் முதலாண்டுப் பூசைக்கு ராயபுரம் வந்திருந்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் வலது முழங்கையில், சேலை முந்தானைக்கு வெளியே தெரியும்படி, ஒரு கறுப்புப் பட்டி. என் கையிலும் அதே மாதிரிப் பட்டி.

"பாருய்யா, யூனிஃபாரம் போட்டுகினு வந்துகிறான்" என்றாள் மாமாவைப் பார்த்து. மாமா என்றது அவள் கணவர் அந்தோணியை. எண்ணூரில் நிலக்கரி இறக்கும் இடத்தில் ஒப்பந்த வேலை. பேச்சு குறைவு.

"உனக்கு எப்போக்கா வந்தது?"

"உனக்கு வந்த அப்பாலதான்டா. உனக்கு வால்வு திருகி வந்துச்சு, எனக்கு வஞ்சிரம் வெட்டி வந்துச்சு. ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே வலி. மெடிக்கல் ஷாப்புல டென்னிஸுக்குப் பட்டி குடுப்பான்னு கேட்டேன், குடுத்துட்டான்."

வீட்டில் எல்லோரும் அந்த வலிக்கு டென்னிஸ் என்றே பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். இன்னைக்கு டென்னிஸ் எப்படி இருக்கிறது, டென்னிஸுக்குத் தைலம் தேய்த்தாயா. நான் வீடியோ அழைப்பில் என் முழங்கைக் கதையைச் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல் அங்கே புழங்கியிருக்கிறது. அக்கா தைலம் தேய்த்தாள். எண்ணெய்க் கட்டு போட்டாள். தெருமுனை கிளினிக்கில் முழங்கையிலேயே ஊசிமருந்து போட்டுக்கொண்டாள். அது சில வாரம் தாங்கியது, பிறகு வலி திரும்பியது. எந்த இடத்தில் வலிக்கிறது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. முழங்கை என்றாள். முழங்கை வலி என்றால் டென்னிஸ்.

"கை விட்டுப் போவுதுடா. கத்தி நழுவுது. போன வாரம் சங்கரா வெட்டறப்போ கட்டைவுட்டு கீழ போயிடுச்சு. கஸ்தூரி கால் மேல விழ வேண்டியது" என்றாள்.

மீன் வெட்டும் பெண்ணுக்குக் கத்தி நழுவுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமாவின் வேலை வாரத்தில் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. வீடு அக்காவின் வலது கையில் நின்றது. பூசை முடிந்த பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய் நல்ல ஊசிச் சிகிச்சை கொடுத்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்தேன். எனக்குப் பயன்பட்டது அவளுக்கும் பயன்படும் என்று நம்பினேன்.

3

பூசைக்கு முந்தைய நாள் காலை அவளுடன் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே மீன் விற்கிறவர்கள் வேறு, வெட்டித் தருகிறவர்கள் வேறு. வாங்கிய மீனைப் பையோடு கொண்டுவந்து வெட்டுகிற பெண்களிடம் கொடுக்க வேண்டும். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாக மரக்கட்டைகள். அக்காவின் கட்டைக்கு அடுத்தது கஸ்தூரியுடையது. திருவொற்றியூர்க் குப்பத்துப் பெண், அக்காவைவிட இளையவள். பல வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வேலை செய்கிறவர்கள்.

இருவருக்கும் நடுவில் நொறுக்கிய ஐஸ் போட்ட ஒரு தொட்டி. மீனை அதில் போட்டு வைப்பார்கள், அதிலிருந்தே எடுப்பார்கள், கையையும் அதிலேயே கழுவுவார்கள். விடியற்காலையிலிருந்து ஐஸில் கிடக்கும் கை மரத்துத்தான் போகும். அதற்கு அங்கே ஐஸ் கை என்று பெயர். ஐஸ் கை வராதவள் இன்னும் தொழில் பழகவில்லை என்று அர்த்தம். புதிதாக வருகிற பெண்கள் முள் குத்தினால் கத்துவார்கள். பழகினவர்கள் கத்த மாட்டார்கள்.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கெளுத்தியின் முள் அக்காவின் கை ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியது. கெளுத்தி முள் குத்தினால் பெரிய ஆம்பளையும் அழுவான். அக்கா பேச்சை நிறுத்தவில்லை. ரத்தம் கட்டையில் சொட்டிய பிறகுதான் குனிந்து பார்த்து, முள்ளைப் பல்லால் பிடுங்கித் துப்பினாள்.

"பாத்தியாண்ணே உங்க அக்காவ? இரும்புக் கை" என்றாள் கஸ்தூரி. "எனக்கும் அப்டித்தான். குத்துனா தெரியாது. ஆனா உங்க அக்கா அளவுக்கு வராது. போன மாசம் அடுப்புல கைய வெச்சுகினு கத பேசுது. நான்தான் தள்ளிவுட்டேன்."

"அது கையிலேந்து ஐஸ் எறங்காத நேரம்டி."

"ஐஸ் எறங்காத நேரமா? ராத்திரி எட்டு மணிக்கா?"

பக்கத்துக் கட்டைகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவின் முன்கையில் வெளிறிய ஒரு திட்டு இருந்தது. அது உப்புத் தண்ணீர்த் தேமல் என்றாள். அங்கே பலருக்கும் கையில் ஏதாவது திட்டு இருந்தது. அளவு தவறினால் உடனே கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அன்று எதுவும் தவறாகத் தெரியவில்லை.

4

டாக்டர் பரிதாவின் கிளினிக் ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு அக்குபங்சரும் படித்தவர். பூசை முடிந்த மறுநாள், அக்கா மார்க்கெட்டிலிருந்து நேராக அங்கே வந்தாள். செதில் ஒட்டிய சேலையோடு படுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். டாக்டர் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுப் படுக்க வைத்தார்.

"டாக்டரு, எனக்கு ஊசின்னாலே பேஜாரு. நான் செவுத்தாண்ட திரும்பிக்கிறேன். போட்டுட்டுச் சொல்லுங்க."

"தினம் அத்தனை மீனைக் குத்துறீங்க. ஒரு ஊசிக்குப் பயமா?"

"மீனுக்கு நானு. எனக்கு நீங்கதானே டாக்டரு."

டாக்டர் சிரித்துக்கொண்டே முதல் ஊசியை முழங்கையின் வெளிப்பக்கம் போட்டார். அக்கா ஸ்ஸ் என்றாள். "குத்துதா, கடுக்குதா?" என்று கேட்டார். "குத்துது, இப்போ கடுக்குது" என்றாள். லோட்டேயிடம் எனக்கு வராத சொற்கள் இங்கே எவ்வளவு சுலபமாகக் கைமாறுகின்றன என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஊசி கட்டைவிரல் பக்கம். "இழுக்குது டாக்டரு." மூன்றாவதை அவர் கையின் மறு ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுக்கு அருகே போட்டார். அக்கா பேசவில்லை. டாக்டர் ஊசியை மெதுவாகத் திருகினார். அக்கா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். டாக்டர் சுண்டுவிரலுக்குக் கீழே இன்னொன்று போட்டார். பிறகு முன்கையில், அந்த வெளிறிய திட்டில், இன்னொன்று.

"ஜல்தியா போடுங்க டாக்டரு. எவ்ளோ நேரம் எடம் தேடுவீங்க" என்றாள் அக்கா.

அவள் உணராத மூன்று ஊசிகள் அவள் கையில் நின்றுகொண்டிருந்தன.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஊசிகளைப் பார்த்தேன். அவற்றின் தலைகள் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடின. அவள் விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அக்கா எப்போதும் விளையாடுகிறவள். ஆனால் அவள் தோள் இறுகியிருந்தது. வரப்போகும் குத்துக்காகப் பயந்துகொண்டு காத்திருந்தாள்.

டாக்டர் ஊசிகளை எல்லாம் எடுத்தார். வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

"ஐஸ்ல கெடந்த கை டாக்டரு, அதான்" என்றாள் அக்கா, எழுந்து உட்கார்ந்து.

"தெரியும்மா. அதனாலதான் வெந்நீர்ல வைக்கிறோம். சூடு ஏறட்டும். அப்புறம் பார்ப்போம்."

கை சிவந்து சூடேறிய பிறகு துடைத்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூல்போலத் திரித்து, விரல் விரலாகத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். கட்டைவிரலுக்கு அக்கா சொன்னாள். ஆள்காட்டி விரலுக்குச் சொன்னாள். நடுவிரலுக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அறையில் சத்தமே இல்லை. பஞ்சு மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் போய்ப் போய் வந்தது. அந்த இரண்டு விரல்களும் உள்ளங்கையை நோக்கிச் சற்று மடங்கியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

டாக்டர் அவள் முழங்கைக்குப் பின்னால், உள்பக்கம், இடித்துக்கொண்டால் கரண்ட் அடிக்குமே அந்த எலும்பின் ஓரமாக விரலை ஓட்டினார். அக்கா துள்ளினாள்.

"ஐயோ, அங்கதான். அதான் டாக்டரு டென்னிஸு."

"டென்னிஸ் எல்போ வெளிப்பக்கம் வரும்மா. இது உள்பக்கம். நரம்பு தடிச்சிருக்கு. கயிறு மாதிரி கீழ ஓடுது." என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். தோலுக்கு அடியில் ஒரு கயிறு இருந்தது. என் கையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை.

"இதுக்கு ஊசி போடக் கூடாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில தோல் டிபார்ட்மென்ட்டுக்கு எழுதித் தர்றேன். நாளைக்கே போங்க. தள்ளிப்போடாதீங்க."

"தோலா? வலி முட்டியிலதானே டாக்டரு?" என்றாள் அக்கா.

டாக்டர் சீட்டை எழுதினார். நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5

பெயரை மறுநாள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோலைக் கீறிச் சோதித்து, கைகால்களின் நரம்புகளை எல்லாம் தடவிப் பார்த்த பிறகு, அந்த இளம் டாக்டர் மிகத் தெளிவாகச் சொன்னார். "தொழுநோய்."

அக்காவுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் தானே கண்டுபிடித்தாள். "குஷ்டமா?" என்றாள், மெதுவாக, வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில்.

நான் அங்கே அதிர்ந்துபோனேன் என்று எழுதினால் குறைவு. அந்த நோய் என் மனதில் பிரசங்கங்களில் கேட்ட நோய், கோவில் வாசல்களில் சின்ன வயதில் பார்த்து ஒதுங்கிய நோய். அது முடிந்துபோய்விட்டது என்றே இருந்தேன். அது என் அக்காவின் கையில், என்னுடைய நோயின் பெயரைப் போட்டுக்கொண்டு, நான் கட்டியிருந்த அதே பட்டிக்கு அடியில் இருந்தது.

டாக்டர் நிறுத்தாமல் பேசினார். மாத்திரை இலவசம், முழுவதும் குணமாகும். மாதத்தின் முதல் மருந்தை இங்கேயே விழுங்க வேண்டும், மீதியை வீட்டில் தினமும். முதல் வேளையிலேயே மற்றவர்களுக்குப் பரவும் ஆபத்து அநேகமாகப் போய்விடும். தொடுவதால் ஒட்டாது. தோல் கொஞ்ச நாள் கறுக்கும், பயப்படக் கூடாது. நரம்பின் வீக்கம் வற்ற வேறு மாத்திரை. விரல்கள் மடங்கிக்கொண்டு நின்றுவிடாமல் இருக்க இரவில் பலகை கட்ட வேண்டும், பகலில் பயிற்சி. "கிருமி செத்துடும். உணர்ச்சி எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது. இன்னும் தள்ளியிருந்தீங்கன்னா விரல் நிமிர்ந்தே இருக்காது."

"கத்தி புடிக்கலாமா?" என்றாள் அக்கா. அவள் கேட்ட ஒரே கேள்வி.

"கிளவுஸ் போட்டுப் பிடிக்கலாம். வெட்டுப்பட்டா உங்களுக்குத் தெரியாது. கண்ணாலதான் பார்த்துக்கணும்."

மாமாவையும் என்னையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். பரிசோதித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

சாயங்காலம் அக்கா டீ போட்டாள். எனக்கு முன்னால் டம்ளரை வைத்தாள். தொடுவதால் ஒட்டாது என்று காலையில்தான் கேட்டிருந்தேன், நம்பவும் செய்தேன். இருந்தும் என் கை டம்ளருக்குப் பக்கத்தில் போய் ஒரு நொடி நின்றது. அக்கா பார்த்துவிட்டாள்.

"ஆறிடும், குடி" என்றாள்.

குடித்தேன். மாமா தன்னுடையதைக் குடித்துவிட்டு, அவள் டம்ளரில் பாதி இருந்ததையும் எடுத்துக் குடித்தார். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார் போலிருக்கிறது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. அவள் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மார்க்கெட்டுல தெரிஞ்சா ஒருத்தன் மீன் குடுக்க மாட்டான்டா" என்றாள்.

"யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை அக்கா. டாக்டரே சொன்னாரே, உன் விருப்பம்னு."

"சொல்லாம எப்படிடா? கஸ்தூரிக்கும் அப்டித்தான் கீது. முள்ளு குத்துனா சிரிப்பா. நான் பேசாம மாத்திர துன்னுகினு விரல நிமித்திகினு உக்காந்திருப்பேன். அவ பக்கத்துல இரும்புக் கை, இரும்புக் கைன்னு சொல்லிகினு விரல் மடங்கி உக்காந்திருப்பாளா?"

"பொதுவா சொல்லிப் பாரேன். கையைச் சோதிச்சுக்கோ என்று மட்டும்."

"அவளா? ஏன் எதுக்குன்னு கேட்டே கொன்னுடுவா. அவகிட்ட ஒண்ணு சொன்னா மார்க்கெட்டு ஃபுல்லா மைக் போட்ட மாதிரி."

நான் கிளம்பும் நாள்வரை அவள் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லாதே என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு பக்கம் அவள் வாங்கும் அரிசி, இன்னொரு பக்கம் கஸ்தூரியின் விரல்கள்.

6

இங்கே திரும்பியதும் என் குடும்ப மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நேரம் கேட்க முதலில் போனில் காரணம் சொல்ல வேண்டும். டச்சு மொழியில் இந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் சொல் ஒன்று, பழங்கதைகளில் வரும் சொல் ஒன்று. எனக்குத் தெரிந்தது இரண்டாவது, இன்று ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் புழங்குவது. மறுமுனையில் இருந்த பெண் அதைக் கேட்டதும், என்னை யாராவது ஒதுக்கி வைத்துவிட்டார்களா, மனநல ஆலோசனை வேண்டுமா என்று மிகுந்த பரிவுடன் கேட்டாள்.

மருத்துவர் நல்லவர். படிக்கும் காலத்தில் படமாகப் பார்த்ததோடு சரி என்று ஒப்புக்கொண்டு, என் எதிரிலேயே கணினியில் தேடிப் படித்தார். முழங்கையை மடக்கச் சொல்லி நரம்பைத் தடவிப் பார்த்தார். எனக்கு வெறும் டென்னிஸ் எல்போதான் என்று உறுதி செய்தார். வெறும் என்ற சொல் அன்று எனக்கு உறைத்தது.

வேறு நகரத்தில் படிக்கும் என் மகள் நித்யாவுக்கும் சொன்னேன். இப்போதெல்லாம் அவள் என்னிடம் டச்சில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ஸ்டெல்லா அத்தையை அவளுக்கு வீடியோவில் தெரியும், அவ்வளவுதான். இந்த நோய் இன்னும் உலகத்தில் இருக்கிறதா என்று டச்சில் கேட்டாள். இருக்கிறது என்றேன். குணமாகிற நோய் இது, அது ஏன் இன்னும் இருக்கிறது என்றாள். மறுநாள் அவளே அத்தையை அழைத்திருக்கிறாள். "உன் பொண்ணு என் கைய கேமராவுல காட்டச் சொல்லிப் பாத்துகினே இருந்தாடா. அத்த வலிக்குதா, அத்த வலிக்குதா, அது ஒண்ணுதான் தமிழ்ல வருது அவளுக்கு" என்றாள் அக்கா.

7

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள் அக்கா கஸ்தூரியிடம் சொல்லிவிட்டாள். மீன் கழுவுகிற நேரத்தில், வேறு யாரும் இல்லாதபோது. கஸ்தூரி கேட்டுவிட்டு எழுந்தாள். தன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

"இன்னா சொன்னாக்கா?" என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அதான் பயமா கீது. அவ பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."

சில நாள் அப்படியே போனது. பிறகு ஒரு காலை கஸ்தூரி வந்து அக்காவின் கட்டைக்கு எதிரில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டிருக்கிறாள். இருவரும் பஸ்ஸில் போனார்கள். கஸ்தூரி முன்னால், அக்கா பின்னால். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். கஸ்தூரிக்கு ஒன்றும் இல்லை. வெறும் ஐஸ்தான். வெந்நீரில் வைத்ததும் எல்லா விரலும் விழித்துக்கொண்டன. வெளியே வந்து அழுதாள் என்று அக்கா சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னால ஒரு நாள் பொயப்பு போச்சு" என்று திட்டியிருக்கிறாள்.

மறுநாள் கஸ்தூரி கட்டையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஸ்டெல்லாவுக்கு வந்துகீது, மாத்திர சாப்புடுது, ஒட்டாதாம், எவளாவது ஜாடமாடையா பேசினா இங்க நான் கீறேன் என்று. நல்லதுக்குத்தான் சொன்னாள். மார்க்கெட் முழுவதும் தெரிந்துபோனது. வெட்டுகிற பெண்களில் சிலர் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்காவிடம் மீன் கொடுக்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பிறகு இன்னும் குறைந்தார்கள். அக்காவுக்கு மோதிர விரலில் உணர்ச்சி திரும்பத் தொடங்கியிருந்தது. சுண்டுவிரல் இன்னும் இல்லை. கை தேறத் தேற வேலை போய்க்கொண்டிருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் காலையில் எழுந்ததும் அக்காவை வீடியோவில் அழைத்தேன். அங்கே மார்க்கெட் கலையும் நேரம். போனை ஐஸ் பெட்டிமேல் மல்லாக்க வைத்துவிட்டாள் போலும். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலத் தார்ப்பாயும், அதன் ஓட்டைகளில் இறங்கும் வெயிலும், அவ்வப்போது வந்து போகும் அவள் முழங்கையும்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைமேல் ஒரு பை விழும் சத்தம் கேட்டது. நான் கேட்டறியாத குரல், வயதான ஆண் குரல்.

"இன்னாமா, கிளவுஸெல்லாம் போட்டுகினு. டாக்டரம்மா ஆயிட்டியா?"

அக்கா சிரிக்கவில்லை. "கைல உணர்ச்சி கம்மிண்ணே. குஷ்டம் வந்துச்சு. மாத்திர போட்டுகினு கீறேன். ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வாணாம்னா மீன எட்துக்கோங்க, பக்கத்துல கஸ்தூரி வெட்டுவா."

மழை, வெயில் என்று சொல்வதுபோலச் சொன்னாள். தினமும், வருகிற ஒவ்வொருவரிடமும், மீனைத் தொடுவதற்கு முன்னால் இதைச் சொல்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை.

தார்ப்பாய் ஒருமுறை காற்றில் எழும்பி அமர்ந்தது. அந்த ஆளின் முகம் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் முழங்கை அசையவில்லை. பை சரசரத்தது. எடுக்கிறாரா, திறக்கிறாரா, தெரியவில்லை.

"மாத்திர ஒயுங்கா சாப்புட்றியா?"

"சாப்புட்றேன்."

அவர் இருமினார். "கஸ்தூரி துண்டு பொடிசா போடுவா. நீயே வெட்டு. தலைய ரெண்டா பொளந்து குடு, கொழம்புக்கு வேணும்."

"யோவ், எனக்குக் காது கேக்குது" என்று பக்கத்திலிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

பிறகு கட்டையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. ஒரு வெட்டு. நிறுத்தி, குனிந்து விரலைப் பார்க்கிறாள் போலும், பிறகு அடுத்த வெட்டு.